80 ஜிபி மீதமிருந்தும் 64 ஜிபி தர முடியாத சர்வர்

ஐபிஎம் பவர்7 சர்வர் ஒன்றை ஏழு ஆண்டுகள் பராமரித்தேன். மொத்த நினைவகம் 256 ஜிபி. ஐபிஎம்மின் யுனிக்ஸ் இயங்குதளமான ஏஐஎக்ஸ் ஓடும் எல்பார்கள் (ஒரே சர்வரைப் பிரித்து, தனித்தனிக் கணினிகள்போல இயக்கும் பகுதிகள்) ஐந்து, தலா 32 ஜிபி. அவற்றுக்கு வட்டையும் வலையமைப்பையும் பகிர்ந்து தரும் விஐஓஎஸ் இரண்டு, தலா 8 ஜிபி. கூட்டினால் 176. மீதி 80 இருக்கிறதே என்று நம்பி, 64 ஜிபியில் புதிய எல்பார் தருவதாகத் தரவுத்தளக் குழுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். இயக்கிய இரவில், நினைவகம் போதவில்லை என்று பிழை வந்தது.

சர்வரை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சியில் பார்த்தேன். சர்வரின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் மட்டும் 25.5 ஜிபியைப் பிடித்து வைத்திருந்தது!

காரணம் நான் அமைத்த உச்ச அளவு, அதாவது ஓர் எல்பாருக்கு அதிகபட்சம் எவ்வளவு நினைவகம் தரலாம் என்ற வரம்பு. எல்பார் இயங்கத் தொடங்கும்போதே அதன் பக்க அட்டவணைக்கு (நினைவகத்தின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியல்), எல்பார்களைப் பிரித்து நடத்தும் ஃபர்ம்வேர் பகுதியான ஹைப்பர்வைசர் இடம் ஒதுக்கிவிடுகிறது. அது நாம் கொடுத்திருக்கும் நினைவகத்தைப் பார்ப்பதில்லை. எல்பாரின் அமைப்புகள் அடங்கிய புரொஃபைலில் எழுதிய உச்ச அளவைத்தான் பார்க்கிறது. பவர்7இல் கணக்கு இதுதான்: உச்ச அளவு 2இன் அடுக்காக (64, 128, 256 போல) இல்லாவிட்டால் அடுத்த அடுக்குக்கு உயர்த்தி, 64ஆல் வகுக்க வேண்டும். "என்றாவது தேவைப்படும்" என்று ஐந்து எல்பார்களுக்கும் 256 ஜிபி எழுதியிருந்தேன். தலா 4 ஜிபி, ஆக 20 ஜிபி, யாருக்கும் பயனில்லாமல் முடங்கிக் கிடந்தது.

அடுக்குக்கு உயர்த்துவதைக் குறிப்பாகக் கவனியுங்கள். உச்ச அளவு 64 ஜிபி என்றால் அட்டவணைக்கு 1 ஜிபி. 65 என்று எழுதினால் அது 128ஆகக் கொள்ளப்பட்டு 2 ஜிபி போய்விடும்.

நான்கு எல்பார்களின் உச்ச அளவை 64ஆகக் குறைத்தேன். மாத இறுதியில் திணறும் ஒன்றுக்கு மட்டும் 128 விட்டேன். 20 ஜிபி 6ஆகச் சுருங்கியது. புதிய எல்பாரும் எழுந்தது. ஆனால் இந்த மாற்றத்துக்கு ஏஐஎக்ஸை ரீபூட் செய்வது போதாது. எல்பாரை முழுவதும் நிறுத்தி, புரொஃபைலிலிருந்து மீண்டும் இயக்க வேண்டும். அதற்கான நேரத்தைக் கேட்டு வாங்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. உச்ச அளவைத் தாண்டி, ஓடும் எல்பாருக்கு ஒரு ஜிபிகூடச் சேர்க்க முடியாது. கொடுத்ததைப் போல இரு மடங்கு என்பதையே பிறகு வழக்கமாக வைத்துக்கொண்டேன். அந்த ஏழு ஆண்டுகளில் அது ஒருமுறைதான் போதாமல் போனது. பவர்8இல் ஏஐஎக்ஸ், லினக்ஸ் எல்பார்களுக்கு இயல்பு விகிதம் 128இல் 1 என்று பாதியாகியிருக்கிறது. அங்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே உச்ச அளவை எழுதுகிறேன்.