திருப்பூரில் ஒரு மேலாளர் பயிற்சி: முதல் நாள் நிறைவு, இரண்டாம் நாள் குறை

பணியாளர்களிடம் சங்கடமான விஷயங்களைப் பேசுவது எப்படி என்று பின்னலாடைத் தொழிற்சாலை மேலாளர்களுக்குக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஓவர்லாக் தையல்காரர் ஒருவரிடம், ஆல்டர் பீஸ் (தையல் பிழையால் திருத்தத்துக்குத் திரும்பி வரும் ஆடை) அதிகமாவதைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததே நான் அங்கே போனதற்குக் காரணம்.

கொடுத்த கட்டணத்துக்கு முதல் நாளே ஈடாகிவிட்டது. அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் வகுத்த ‘சூழல், நடத்தை, விளைவு’ என்னும் முறையைப் பலகையில் எழுதியதோடு நிறுத்தாமல், பயிற்சியாளர் என்னைத் தொழிலாளியாக உட்காரவைத்து, “உங்களுக்கு வேலையில் அக்கறையே இல்லை” என்றார். நடிப்பு என்று தெரிந்தும் சுருக்கென்றது. பிறகு அதையே, “செவ்வாய்க்கிழமை உங்கள் மெஷினிலிருந்து 40 பீஸ் ஆல்டருக்கு வந்தது, செக்கிங்கில் இருவர் இரவு ஒன்பது மணி வரை இருக்க வேண்டியதாயிற்று” என்று மாற்றிச் சொல்லிவிட்டு, பத்து விநாடி வாய் திறக்காமல் காத்திருந்தார். எங்கள் முறை வந்தபோது அந்த மௌனத்தை ஐந்து விநாடிகூட யாராலும் தாங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் அவ்வளவு சுகமில்லை. இரு பாராட்டுகளுக்கு நடுவே குறையைப் பொதிந்து சொல்லும் முறைக்கு அரை நாள் போயிற்று. எங்கள் தளத்தில் மேலாளர் பாராட்டத் தொடங்கினாலே, “விஷயத்தச் சொல்லுங்க சார்” என்பார்கள்.

மன்னிக்க முடியாத பிழை மதியத்துக்குப் பிறகு நடந்தது. சூப்பர்வைசர் மீது ஒரு பெண் தொழிலாளி பாலியல் தொல்லைப் புகார் சொன்னால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, இருவரையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கச் சொன்னார் பயிற்சியாளர். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகார் கொடுத்தவரே விரும்பிக் கேட்டால் மட்டுமே, அதுவும் அந்தக் குழுவின் வழியாகத்தான், சமரசத்துக்கு இடமுண்டு. பணம் கொடுத்து முடிப்பதற்கு அப்போதும் இடமில்லை. மேலாளர் நடுவராக அமரவே கூடாத பேச்சு அது. இந்தப் பகுதியைத் திருத்தும் வரை என் சூப்பர்வைசர்களை முதல் நாளுக்கு மட்டுமே அனுப்புவேன்.

திங்கட்கிழமை அந்தத் தையல்காரரிடம், “அண்ணா, போன வாரம் 40 பீஸ் ஆல்டர் வந்துதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் மெஷின் மூடியைத் திறந்து, தேய்ந்துபோயிருந்த லூப்பரை, அதாவது நூலைப் பின்னும் கொக்கியை, காட்டினார்.