காந்திமதியா, யாழினியா, தக்ஷிதாவா?

எங்கள் மகளுக்குப் பெயர் தேடியபோது கடைசிச் சுற்று வரை வந்தவை மூன்று. என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரான காந்திமதி, மனைவிக்குப் பிடித்த யாழினி, மைத்துனர் கைப்பேசியில் தேடிப் பிடித்த தக்ஷிதா. ஜெயித்தது காந்திமதி. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தக்ஷிதாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜோதிடர் நட்சத்திரத்துக்கு நான்கு எழுத்துகளைக் குறித்துக் கொடுக்கிறார். எண்கணிதக்காரர் கூட்டுத்தொகை பார்த்து ஆங்கிலத்தில் ஓர் 'எச்' சேர்க்கிறார். வகுப்பில் பாதிப் பேருக்கு எங்காவது ஒரு 'ஷ' வந்துவிடுகிறது. எங்களுக்கு மிருகசீரிடம். வே, வோ, கா, கி என்று வந்தது. 'கா' ஆச்சிக்கே விழுந்த ஓட்டு. (திருவாதிரைக்கான எழுத்துகளில் 'ங' கூட உண்டு. அந்தப் பெற்றோர் பாடு என்னவோ!)

யாழினி நல்ல பெயர். வேதாசலம் மறைமலையடிகளாகவும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறிய வழியில் வந்தது. அவர்கள் கொள்கைக்காக மாற்றினார்கள், இன்று ஓசைக்காக வைக்கிறார்கள், தவறில்லை. ழகரம் தமிழ்நாட்டைத் தாண்டினால் என்ன பாடுபடும் என்பது தெரிந்த சங்கதி. அதற்காக நான் அதைத் தள்ளவில்லை.

தள்ளியது கூப்பிடும் பெயருக்காக. பழைய பெயர் நீளம் என்கிறார்கள். நீட்டி முழக்கி யார் கூப்பிட்டார்கள்? சுப்பிரமணியன் மணியாகவோ சுப்புவாகவோ, வைத்தியநாதன் வைத்தியாக, அலமேலு அலமுவாகத்தான் வாழ்ந்தார்கள். இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. பிள்ளைக்கு மாமனார், மாமியார் பெயரை வைப்பது வழக்கம். மருமகள் அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். பெற்ற பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதைவிட, எப்படித் திட்டுவாள்? ராசா, பெரியவன், சின்னக்குட்டி என்று பல வீடுகளில் புழங்கிய பெயர்கள் இந்த இக்கட்டுக்குத்தான் கைகொடுத்தன.

என் அம்மா இன்றும் அந்தக் கட்சி. ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவர் மாமியார் பெயரைக் கேட்டபோது, "நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர்தான், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சமாளித்தவர். பேத்திக்கு அதே பெயர் என்றதும் ஒரு பக்கம் பூரிப்பு, மறுபக்கம் திண்டாட்டம். வழி பெயருக்குள்ளேயே இருந்தது. ஆச்சியை ஊரில் எல்லோரும் 'காந்தி' என்பார்கள். மீதிப் பாதி பேத்திக்கு வந்தது. பள்ளியில் காந்திமதி, வீட்டில் மதி. "ஏட்டி மதி, இங்கே வா" என்று அம்மா இப்போது கூசாமல் அதட்டுகிறார்.

யாழினியில் இந்த வசதி கிடையாது. சுருக்கினால் 'யாழு' என்று ஏதோ வரும். அதுவும் நிலைக்காமல் அம்மு, பாப்பா என்று தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயரில் போய் நிற்கும். நண்பர் வீட்டு யாழினி கல்லூரிக்குப் போன பிறகும் பாப்பாதான்.

காந்திமதியிலும் குறை இல்லாமல் இல்லை. 'பாட்டி பெயர்' என்று கேலி செய்வார்களே என உறவினர்கள் பயமுறுத்தினார்கள். ஒன்றாம் வகுப்பில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் அவளே என்ன சொல்வாளோ, அதற்கு இப்போது என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அனுபவமே இல்லை.

பழைய பெயர்கள் திரும்பி வருகின்றன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். மீனாட்சி, சிவகாமி, அபிராமி என்று பெருங்கோயில் அம்மன்களுக்குத்தான் மறுபடி அழைப்பு. இசக்கியம்மாளும் மாடத்தியும் சுடலைமுத்துவும் வாசலிலேயே நிற்கிறார்கள். அம்மாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் பேச்சியம்மாள். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தால் அதை வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். பட்டியலில் சேர்த்துக்கொண்டாள், யாழினிக்குக் கீழே.