நோ நாடகம்: அரங்கில் பார்ப்பதா, தீ வெளிச்சத்தில் பார்ப்பதா?

ஜப்பானில் நோ போன்ற முகமூடி நாடகம் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டோக்கியோவின் தேசிய நோ அரங்கம், கோயில் வளாகங்களில் தீ மூட்டி நடத்தும் தகிகி நோ, மியாசாகி மாநிலத்துத் தகாச்சிஹோ ஊரின் ககுரா ஆட்டம் என்ற மூன்றுக்கு நடுவில்தான் குழம்புகிறார்கள். முதல் தடவை என்றால் அரங்கத்துக்கே போங்கள் என்பேன்.

காரணம் முகமூடிதான். மரத்தில் செதுக்கிய அந்த முகம், நடிகர் தலையைச் சற்றே நிமிர்த்தினால் மலர்கிறது. லேசாகக் குனிந்தால் வாடிவிடுகிறது. இந்த நூலளவு மாற்றம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நோ வெறும் மெதுவான நடையாகிவிடும். 1983இல் திறந்த தேசிய அரங்கம் செண்டகாயா ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடைதான். முன் இருக்கையின் முதுகிலுள்ள சின்னத் திரையில் ஆங்கில வசனமும் ஓடும்.

டிக்கெட் எடுக்கும்போது இடத்தைக் கவனியுங்கள். நேர் எதிரே விலை அதிகம். மூலைப் பகுதி மலிவு, ஆனால் மேடைத் தூண் மறைக்கும். அந்தத் தூண் இல்லாமல் முடியாது. முகமூடியின் குறுகிய கண்துளை வழியே பார்க்கும் நடிகருக்கு மேடையில் தான் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவதே அதுதான். எனக்குப் பிடித்தது பக்கவாட்டு இருக்கை. நடிகர் நடந்து வரும் பாலம் அங்கிருந்து பக்கத்தில் இருக்கும்.

தகிகி நோவின் அழகை மறுக்க மாட்டேன். தீயின் அசைவில் பட்டாடையின் ஜரிகை மின்னுவது வேறெங்கும் கிடைக்காது. கியோட்டோ ஹேய்யான் ஆலயத்தில் 1950 முதல் நடக்கிறது, ஜூன் தொடக்கத்தில். நாராவின் கோஃபுகுஜி கோயிலில் மே மாதம். ஆனால் பின்வரிசையில் இடம் கிடைத்தால் முகமூடி ஒரு வெள்ளைப் புள்ளிதான். மழை பயமும் உண்டு. ஏற்கனவே ஒரு தடவை நோ பார்த்தவர்களுக்கு இது சரி.

குழந்தைகளோடு போகிறீர்களா? அப்போது தகாச்சிஹோ. இது நோ அல்ல, ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் வழிபாட்டு ஆட்டம். சூரிய தேவதை அமதெராசு குகைக்குள் ஒளிந்துகொண்ட கதை. குளிர்காலத்தில் ஊர் ஊராக விடிய விடிய 33 ஆட்டங்கள் ஆடுவார்கள். தகாச்சிஹோ ஆலயத்தில் தினமும் இரவு 8 மணிக்கு அவற்றில் நான்கை மட்டும் ஒரு மணி நேரம் ஆடிக் காட்டுகிறார்கள். கடைசி ஆட்டத்தில் தெய்வத் தம்பதி சாக்கே என்ற அரிசி மது குடித்துவிட்டுக் கூட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடுவார்கள்! அந்த ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். ஆட்டம் முடிய 9 ஆகிவிடும் என்பதால் அங்கேயே ராத் தங்க அறை பார்த்துக்கொள்ளுங்கள்.