3584-உம் அதில் பாதியும்: ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்எக்ஸ் 6600 இரண்டையும் இரண்டரை ஆண்டு ஓட்டிய கதை

எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். என்னுடையதில் வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், இரவில் கொஞ்சம் கேம். தம்பியுடையதில் கேமைத் தவிர வேறெதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கிராஃபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்வது நின்றுபோனது. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த கார்டு விலை இன்னும் கொஞ்சம் இறங்கியதும், தீபாவளிக்கு முன்பே இருவரும் வாங்கிவிட்டோம். எனக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரி. அவனுக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 2021இல் வெளியானபோது இரண்டுக்கும் அறிவித்த விலை ஒன்றுதான், 329 டாலர். நாங்கள் வாங்கும்போது என்னுடையது ஆறாயிரம் ரூபாய் கூடுதல்.

பெட்டியைப் பிரித்த அன்றே தம்பியைச் சீண்டினேன். "டேய், என் கார்டுல 3584 கோர். உன்னுதுல 1792. கரெக்டா பாதி." கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு.

ஒரு வாரத்தில் வாயை மூடிக்கொண்டேன். 1080பி திரையில், ரே டிரேசிங் (ஒளி, நிழல், பிரதிபலிப்பை நிஜம்போல் கணக்கிடும் வசதி) இல்லாமல் சைபர்பங்க் 2077 ஓட்டினால் இரண்டிலும் அறுபதைத் தொட்டும் தொடாமலும்தான் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வந்தது. சில கேம்களில் என்னுடையது நான்கைந்து ஃபிரேம் முன்னே, சிலவற்றில் அவனுடையது.

என்விடியா சொல்லும் கோரும் ஏஎம்டி சொல்லும் ஸ்ட்ரீம் பிராசசரும் ஒரே அளவுகோல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 3060இன் ஆம்பியர் வடிவமைப்பில் பாதி கோர்கள் இரட்டை வேலைக்காரர்கள். தசமக் கணக்கும் போடும், முழு எண் கணக்கும் போடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். கேம்களில் முழு எண் கணக்குக்கும் குறைவில்லை. ஆகவே 3584 பேரும் ஒரே வேலையில் இறங்குவது காகிதத்தில் மட்டும். 6600இல் ஆள் பாதி என்றாலும் ஓட்டம் வேகம்: 3060இன் பூஸ்ட், அதாவது உச்ச வேகம், 1777 மெகாஹெர்ட்ஸ், 6600க்கு 2491 வரை.

மெமரி விஷயமும் இதே மாதிரிதான். மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே டேட்டா போகும் பாதைக்குப் பெயர் பஸ். 3060இன் பஸ் 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. 6600க்கு 128 பிட், 224 ஜிபி. பார்த்தால் பரிதாபம். ஆனால் சிப்புக்குள்ளேயே 32 எம்பி இன்ஃபினிட்டி கேஷ் என்ற அதிவேகச் சிறு மெமரியை வைத்து ஏஎம்டி அதை ஈடுகட்டுகிறது. 1080பியில் அது போதும். புள்ளிகள் கூடுதலான என் 1440பி மானிட்டரில் 6600ஐ மாட்டிப் பார்த்தபோது கேஷில் கொள்ளாமல் மூச்சு வாங்கியது. அங்கே 3060 கொஞ்சம் நிதானமாக இருந்தது.

எங்களைப் பல நாள் அலைக்கழித்தது வேறொன்று. ஆறேழு மாதம் கழித்து, தம்பி ஒரு பெரிய திறந்தவெளி கேமை டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) அல்ட்ராவில் வைத்து ஆடத் தொடங்கினான். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. நடந்து போனால் பிரச்சினை இல்லை. வண்டியில் ஏறி வேகமெடுத்தால் திக்கித் திக்கி நிற்கும். டிரைவரை மாற்றினான், விண்டோஸை மறுபடி போட்டான், கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினான். பலனில்லை.

கடைசியில் கார்டுகளை மாற்றி மாட்டினோம். இருவருக்கும் ஒரே ரைசன் 5 5600 பிராசசர், ஒரே 16 ஜிபி ரேம். மதர்போர்டு மட்டும் வேறு: அவனுடையது பி450, என்னுடையது பி550. என் 3060ஐ அவன் போர்டில் மாட்டினால் திக்கல் சுத்தமாக இல்லை. அவன் 6600ஐ என் போர்டில் மாட்டினால் திக்கல் இருக்கிறது, ஆனால் பாதிதான்.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. கேம் 8 ஜிபியைத் தாண்டிக் கேட்கிறது. இடம் போதாமல் வழிவது சிஸ்டம் ரேமுக்குப் போய், கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்ப வர வேண்டும். 6600 நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் அதற்கு எட்டு லேன் (பாதை)தான். பி450 மூன்றாம் தலைமுறை போர்டு என்பதால் அந்த எட்டு லேனில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும். பி550இல் நான்காம் தலைமுறை, அதே எட்டில் 16. சாலை அகலமானதால் நெரிசல் குறைந்தது, வழிவது நிற்கவில்லை. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கியதும் தீர்ந்தது. இதற்காகவா விண்டோஸை மறுபடி போட்டான் என்று இன்றும் அவனை ஓட்டுகிறேன்.

என்விடியா தாராள மனசில் 12 ஜிபி கொடுத்ததாக நினைக்க வேண்டாம். 192 பிட் பஸ் என்றால் ஆறு மெமரி சிப். ஒவ்வொன்றும் 1 ஜிபி என்றால் 6, 2 ஜிபி என்றால் 12. ஆறு போதாது, எட்டு வைக்க வழியில்லை. இதற்கு மேலே இருக்கும் 3060 டிஐ, 3070 எல்லாம் 256 பிட் பஸ், எட்டு சிப் என்பதால் 8 ஜிபியோடு வந்தன. பெரிய கார்டைவிடச் சின்னக் கார்டுக்குப் பெரிய சட்டைப்பை. பின்னாளில் 3060 என்ற அதே பெயரில் 128 பிட் பஸ்ஸோடு 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. வேகத்தில் அது இன்னும் கீழே. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் பெட்டியைத் திருப்பி எத்தனை ஜிபி என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ரே டிரேசிங்கைப் பொறுத்தவரை 6600இல் அந்தப் பொத்தானை மறந்துவிடலாம். 3060இல் டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி) துணையோடு ஆடிவிடலாம், அவ்வளவுதான்.

என் 3584 கடைசியில் மானம் காத்தது பிளெண்டரில். ஒரே சீனை அதன் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் போட்டேன். 3060, என்விடியாவின் ஆப்டிக்ஸ் வழியாக நான்கு நிமிடத்துக்குள் முடித்தது. 6600, ஏஎம்டியின் ஹிப் வழியாக ஒன்பதைத் தாண்டியது. அப்புறம் விஸ்பர், பேச்சை எழுத்தாக்கும் ஏஐ. தமிழ் வீடியோக்களுக்கு சப்டைட்டில் எடுக்க அதன் பெரிய மாடலை ஓட்டுகிறேன். அதற்கு 10 ஜிபி அளவுக்கு மெமரி வேண்டும். கேமுக்காக வாங்கிய 12 ஜிபி எனக்குச் சோறு போடுவது இந்த இடத்தில்தான்.

மதுரை வெயிலில் மட்டும் தம்பி கார்டின் மேல் பொறாமை வரும். என் கார்டின் 170 வாட்டுக்கு எதிரே அவனுடையது 132. தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், இரண்டு மாத கரண்ட் பில்லில் ஒன்பது யூனிட் வித்தியாசம். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த ஒன்பதும் கணக்குத்தான். மே மாதத்தில் என் அறையில் மின்விசிறி சுற்றுவது வெந்நீர் ஆவியைக் கிளறுவது போல இருக்கும். பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிய பிறகு சூடும் சத்தமும் நன்றாகக் குறைந்தன. ஃபிரேம் குறைந்ததைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. கார்டின் இரண்டு ஃபேனில் ஒன்று இரண்டாம் ஆண்டில் கரகரக்கத் தொடங்கியது. வாரண்டிக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நானே கழற்றி வேறு ஃபேன் வாங்கி மாட்டினேன். தம்பியின் கார்டு இதுவரை ஒரு ஸ்க்ரூகூடத் திறக்கப்படவில்லை.

அவன் இப்போது 1440பி மானிட்டர் வாங்கப் போகிறானாம். போன வாரம் மெதுவாக வந்து, "அண்ணா, கார்டை மாத்திக்கலாமா?" என்றான். விஸ்பர் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.