பழைய கடல் கயாக்: சுக்கானா, ஸ்கெக்கா?

ஆடி மாதம் உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில்தான் இங்கே காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் காற்றில் ஊர்க்குளத்தில் இறக்கியபோதுதான் நான் வாங்கிய பழைய கயாக்கின் குணம் தெரிந்தது. பதினாறடி பிளாஸ்டிக் கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு. பக்கக் காற்று அடித்தால் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிவிடும். நேராகப் போக ஒரே பக்கம் துடுப்புப் போட்டு தோள் கழன்றுவிட்டது.

காரணம் எளிதுதான். ஓடும்போது முன்பகுதியைத் தண்ணீர் இறுக்கிப் பிடிக்கிறது. பின்பகுதிக்கு அந்தப் பிடி குறைவு, அதனால் காற்று அதை ஒதுக்கித் தள்ளுகிறது. பின்பக்கத்துக்குப் பிடி கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி: ஸ்கெக், இல்லையென்றால் சுக்கான்.

ஸ்கெக் என்பது பின்பகுதியின் அடியிலிருந்து இறங்கும், மீன் துடுப்பு மாதிரியான சிறு தகடு. திரும்பாது, ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். பாதி இறக்கினால் பாதிப் பிடி. கால் ஊன்றும் கட்டை அசையாமல் இருப்பதால் அலையில் உடம்பை இறுக்கி உட்காரலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் புதிதாக வைக்க அடிப்பாகத்தை அறுத்துப் பெட்டி பொருத்த வேண்டும். ஃபைபர்கிளாஸ் உடல் என்றால் ரெசின் பிடித்துக்கொள்ளும். என் கயாக் மாதிரி பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் ரெசின் ஒட்டவே ஒட்டாது. கரையிலிருந்து இறக்கும்போது சரளைக் கல் சிக்கிக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

சுக்கான் பின்முனையில் தொங்கும், காலால் திருப்பலாம். பல பிளாஸ்டிக் கயாக்குகளில் அதற்கான இடத்தை முன்பே விட்டிருப்பார்கள், அறுக்கிற வேலை இல்லை. இதன் குறை மிதிகட்டை. மொத்தக் கட்டையும் முன்னும் பின்னும் வழுக்குகிற வகை என்றால் காலுக்கு ஊன்றுகோலே இல்லாமல் போகும். மேல்நுனி மட்டும் அசைகிற வகையைத் தேடி வாங்குங்கள். சுக்கானைப் பிடிக்கும் தாங்கிக்கு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "ஏனுங்க, உப்புத் தண்ணிக்குங்களா? அப்ப 316 ஸ்டீல்ல போடுங்க, 304 புள்ளி விழுந்துரும்" என்றார் அங்கிருந்த அண்ணன். அவர் சொன்னது சரிதான். இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள்தான், ஆனால் 316இல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். பிளாஸ்டிக் உடலுக்கு என் ஓட்டு சுக்கானுக்கே.

ஆனால் இரண்டுக்கும் முன் ஒரு செலவில்லாத சோதனை செய்யுங்கள். கயாக்கில் சாமான் வைக்கும் பின் அறையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை நகராமல் கட்டிப் பாருங்கள். பின்பகுதி சற்று அமிழ்ந்தாலே திரும்புவது குறையும். எனக்குப் பாதி நோய் இதிலேயே தீர்ந்தது.

மீதி வேலை உட்காரும் இருக்கையில் இருந்தது. பழைய இருக்கையின் உயரமான முதுகுச் சாய்வு வசதிபோலத் தெரியும். இடுப்பு திரும்பாமல் கை மட்டும் இழுக்கும், தோள் வலியில் அதற்கும் பங்குண்டு. அதைக் கழற்றிவிட்டு இடுப்பளவுப் பட்டை மட்டும் வைத்து, தண்ணீர் உறிஞ்சாத, நுண்துளைகள் மூடிய ஃபோமில் இருக்கை செதுக்கினேன். மெத்தைக் கடை ஸ்பாஞ்சு வேண்டாம், ஊறிப்போய்க் கனக்கும். மர அரத்தில் தேய்த்து உப்புத்தாளில் முடித்தால் போதும். தொடைக்கடியில் சற்று உயர்த்திவிட்டால் கால் மரத்துப்போவதும் குறையும். ஒரு அங்குலம் உயர்ந்து உட்கார்ந்தால்கூட ஆட்டம் கூடும், எனவே மெல்லியதாகவே தொடங்குங்கள்.

இடுப்பின் இருபுறமும் ஃபோம் ஒட்டினால் கயாக் உடம்போடு சேர்ந்து சாயும். நான் முதலில் ஒட்டியது ரொம்ப இறுக்கம், அப்புறம் அரை அங்குலம் தேய்த்தெடுத்தேன். கடலுக்குக் கொண்டுபோகும் முன் லைஃப் ஜாக்கெட் போட்டு, கூட ஒருவரை நிறுத்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்துப் பாருங்கள். முதலை இருக்கும் அமராவதி அணையில் வேண்டாம், ஊர்க்குளம் போதும். தட்டுத்தடங்கல் இல்லாமல் வெளியே வர முடியவில்லை என்றால் இன்னும் தேய்க்க வேண்டும்.