கட் ஆகும் ரிசீவருக்கு ஃபேனா, ஸ்டெபிலைசரா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் ரிசீவரும் (டிவியோடு சேர்த்து எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) முன்னீர்பள்ளத்தில் அத்தான் வீட்டு ரிசீவரும் ஒரே கோடையில் ஒரே வேலையைக் காட்டின. படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். திரை கறுத்துவிடும், வீடு அமைதியாகிவிடும். யாரிடம் கேட்டாலும் இரண்டு மருந்துதான் சொன்னார்கள். ஒரு கட்சி ஃபேன் வைக்கச் சொன்னது, இன்னொரு கட்சி ஸ்டெபிலைசர் போடச் சொன்னது. இரண்டையும் வாங்கி, இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டில் ஸ்டெபிலைசரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அத்தான் வீட்டில் ஃபேனால் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் எது நல்லது என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. ரிசீவர் செட் எப்போது கட் ஆகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் மெனுவுக்குள் போய் வாருங்கள். சத்தம் வராமல் 15, 30 அல்லது 60 நிமிடம் ஆனால் தானாக அணைந்துகொள்ளும் வசதி பல ரிசீவர்களில் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியோடு சேர்ந்து அணையும் வசதியும் உண்டு. இவை பழுது இல்லை, அமைப்புதான். அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து, பிளக்கை நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். லூசான சாக்கெட்டால் கட் ஆன செட்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

முன்பக்க விளக்கும் பேசும். டெனான், மராண்ட்ஸ் செட்டுகளில் சிவப்பு விளக்கு சுமார் 2 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் உள்ளே சூடு ஏறியிருக்கிறது என்று பொருள். அரை நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் ஸ்பீக்கர் வயர் ஷார்ட், இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையரிலேயே பழுது. சில கம்பெனி செட்டுகள் ‘புரொடெக்ட்’ என்றோ, ஸ்பீக்கர் வயரைப் பார்க்கச் சொல்லியோ திரையில் எழுத்தாகவே காட்டும். எந்த மாடலானாலும் கையேட்டில் இந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் செட் போட்டு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கட் ஆகும். அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்பவும் ஓடும். மறுபடி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணையும். இது சூட்டின் வேலை. அது இருந்த இடம் அப்பா ஆசையாகச் செய்த தேக்கு ஷோகேஸ். முன்னால் கண்ணாடிக் கதவு, செட்டுக்கு மேலே நான்கு விரல் இடைவெளி. பல கையேடுகள் மேலே 30 செ.மீ. இடம் விடச் சொல்கின்றன. அடியில் உள்ள துளைகள் வழியாகக் காற்று ஏறி, சூட்டை வெளியே கடத்தும் உலோகத் தகடான ஹீட் சிங்கைத் தொட்டு, மேல் துளைகள் வழியாக வெளியே போக வேண்டும். ஷோகேஸுக்குள் போன காற்று அங்கேயே சுற்றிச் சுற்றிக் கொதித்தது. மே மாதக் கத்திரி வெயிலில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அறையே அப்படி இருக்கும்போது பெட்டிக்குள் எப்படி இருக்கும்!

கதவைக் கழற்றினேன். 120 மி.மீ. அகலமுள்ள, யுஎஸ்பியில் ஓடும் ஃபேன் ஒன்றைச் செட்டின் மேல் வைத்தேன். இதில் ஒரு விஷயம் முக்கியம். ஃபேன் மேலிருந்து கீழே ஊதக் கூடாது. உள்ளே இருக்கும் சூட்டை மேல்நோக்கி இழுத்து வெளியே தள்ள வேண்டும். முதல் நாள் நான் தலைகீழாக வைத்துவிட்டேன், சூடு தானாக ஏறும் வழிக்கு எதிராக ஊதி, கட் ஆவது நிற்கவே இல்லை. திருப்பி வைத்ததும் மூன்று மணி நேரப் படம் தடங்கல் இல்லாமல் ஓடியது. கையை மேலே வைத்துப் பார்த்து, எங்கே அதிகமாகச் சுடுகிறதோ அங்கே ஃபேனை நகர்த்தினேன். டிவியின் யுஎஸ்பியில் செருகியிருப்பதால் டிவியோடு ஓடி, டிவியோடு நிற்கிறது.

ஃபேனின் குறை, அது அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் புழுதியையும் உள்ளே இழுக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துளைகளை பிளோயரால் ஊதிவிடுகிறேன். இருந்தாலும் சூடு குறைவதில் இன்னொரு பலனும் இருக்கிறது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையில் பழகிய கணக்கு. ஃபேன் இன்றைய கட்டை மட்டும் நிறுத்தவில்லை, செட்டின் வயதையும் கூட்டுகிறது.

அத்தான் வீட்டுக் கதை வேறு. “மாப்ள, செட்டு சுடவே இல்ல. கைய வச்சுப் பாரு, வெதுவெதுன்னுதான் இருக்கு” என்றார். உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஏழு மணியை ஒட்டி, ஹால் பல்பு மங்கும் நேரத்தில்தான் அணைந்தது. எந்த விளக்கும் சிமிட்டவில்லை. உடனே பட்டனை அழுத்தினால் உயிர் வந்தது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தோம். 230 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில், சுற்றிலும் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 170க்குக் கீழே இறங்கியது. ரிசீவருக்குள் இருக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்குப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் ரீசெட் ஆகிவிடுகிறது. இங்கே எத்தனை ஃபேன் வைத்தாலும் பலன் கிடையாது.

ஸ்டெபிலைசர் வாங்கும்போது டிவிக்கென்று விற்கும் சின்னதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். செட்டின் பின்பக்கம் 500 வாட் என்று எழுதியிருந்தால், 230 வோல்ட்டில் சுமார் 2.2 ஆம்பியர். 170 வோல்ட்டில் அதுவே 2.9 ஆம்பியர். டிவியும் அதே ஸ்டெபிலைசரில் என்றால் இன்னும் கூடும். அதனால் 1 கேவிஏ, அதாவது 1000 வோல்ட்-ஆம்பியர் தாங்குவதாக எடுத்தால் மனசுக்கு நிம்மதி. ஏசி ஸ்டெபிலைசரை மாட்டுகிறவர்களும் உண்டு. அதில் கரண்ட் வந்து சில நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும், அது ஏசி கம்ப்ரஸருக்காக வைத்தது, நமக்குத் தேவையில்லை. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக (மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராமல் கட்டம் கட்டமாகத் தருவது) இருந்தால் அந்த லைனில் ரிசீவரை ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். ஐப்பசி இடிக்கு எந்த ஸ்டெபிலைசரையும் நம்ப வேண்டாம். பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான் சரி.

என்னைக் கேட்டால் டவுனில் முதலில் ஃபேன், தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர்களில் முதலில் மல்டிமீட்டர்.

இரண்டும் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. சித்திரையில் கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள் திண்ணையிலும் பாட்டுக் கேட்கட்டும் என்று, முன் ஸ்பீக்கர் டெர்மினலிலேயே இன்னொரு ஜோடி பெட்டியைச் சேர்த்து மாட்டினேன். 8 ஓம் பெட்டி இரண்டை இப்படி இணைத்தால் செட்டுக்கு அது 4 ஓம். ஓம் குறைந்தால் செட்டிலிருந்து இழுக்கும் கரண்ட் கூடும். வால்யூமைக் கூட்டிய நொடியில் கட் ஆனது. அவசரத்தில் உரித்த வயரில் தலைமுடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை சிவப்பிலிருந்து கறுப்பைத் தொட்டுக்கொண்டும் இருந்தது. டார்ச் அடித்துப் பார்க்கும்வரை தெரியவில்லை. எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு செட்டைப் போடுவதுதான் சோதனைகளில் மிகச் சுலபமானது, ஒரு பைசா செலவில்லாதது. அப்போது கட் ஆகாமல் நின்றால், அணைத்துவிட்டு ஒவ்வொரு வயராக மாட்டிப் பாருங்கள், குற்றவாளி பிடிபடும். வயரே இல்லாமலும் கட் ஆனால் உள்ளே வேலை இருக்கிறது.

சிலர் இந்தக் கட்டத்தில் செட்டையே கொடுத்துவிட்டு சவுண்ட்பார் வாங்குகிறார்கள். சின்ன அறைக்கு அது போதும். ஐந்து ஸ்பீக்கரும் நல்ல நிலையில் இருக்கும் வீட்டில் எனக்கு அதற்கு மனசு வரவில்லை.

சித்தப்பா வீட்டு செட் அப்படித்தான், வயர் இல்லாமலும் இரண்டு நொடியில் அணைந்தது. வாரண்டி இருந்திருந்தால் சர்வீஸ் சென்டருக்கே போகச் சொல்லியிருப்பேன். எச்டிஎம்ஐ போர்டு மாதிரியான வேலைக்கும் அவர்கள்தான் சரி. ஆனால் அவர்கள் பெரும்பாலும் போர்டையே மாற்றுவார்கள், செட் பழையது என்றால் போர்டு கிடைக்காது. சித்தப்பாவுக்கும் அந்தப் பதில்தான் வந்தது. அதனால் ஜங்ஷன் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

மூடியைத் திறந்ததும் உள்ளே காய்ந்துபோன ஒரு பல்லி. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீட்டரால் தொட்டுப் பார்த்தார். “தம்பி, ஒரு சேனல்ல அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். ஒண்ண மட்டும் மாத்தினா நிக்காது, ஜோடியாத்தான் மாத்தணும். டூப்ளிகேட் போடட்டுமான்னு கேக்காதீங்க, நான் போட மாட்டேன்” என்றார். ஒரிஜினல் வர ஒன்பது நாள் ஆனது.

மாற்றிய பிறகு செட்டை நேராகக் கரண்டில் செருகவில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் மாட்டி, அதன் வழியாகக் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இன்னும் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே நிற்கும் என்றார். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. சித்தப்பா என் கையைப் பிடித்தார். அப்புறம் மெல்ல மங்கி, இழை மட்டும் சிவந்து நின்றது. சில நொடி கழித்து உள்ளே ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலே ‘டக்’கென்று விழுந்தது. இந்தத் தடவை அது அணையும் சத்தம் இல்லை.