பழைய மடிக்கணினிக்கு விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மிண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளிலும் தாமான் குடியிருப்புகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 10 காலத்தவை. அண்ணனுக்கு வாங்கியது தங்கைக்கு வந்து, இப்போது அப்பாவின் வருமான வரிக்கும் அம்மாவின் யூடியூப்புக்கும் உழைக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. கணினி ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. அதற்குமேல் என்ன செய்வது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

மைக்ரோசாப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். தவணை வாங்குவதற்கு இது சரி, அவ்வளவுதான்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2017க்கு முன் வந்த கணினிகள் அநேகமாகத் தேறாது. "தடையைத் தாண்டிப் போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரத் தம்பி சொல்லலாம். போட்டும் தருவார். பிறகு அப்டேட் வராவிட்டால் மைக்ரோசாப்ட் பொறுப்பேற்காது, தம்பியும் ஏற்கமாட்டார். ஆக, இந்த வழி என்பது புது மடிக்கணினி வாங்கும் வழிதான். வேலோரண்ட் என்ற கணினி விளையாட்டை ஆடும் பையன் வீட்டில் இருந்தால் வேறு பேச்சே இல்லை, அது லினக்ஸில் ஓடாது.

மற்றவர்களுக்கு என் ஓட்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் வகை இயங்குதளமான மிண்டுக்கே. காசு கிடையாது, 4 ஜிபி ராமிலும் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். பள்ளிப் பிள்ளைகளின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமா, வருமான வரி இ-ஃபைலிங், வங்கி எல்லாமே உலாவியில்தான் நடக்கின்றன. உலாவிக்குக் கீழே எந்த இயங்குதளம் இருந்தால் என்ன?

சிக்கல் தமிழில் வரும். கோயில் கமிட்டிக்காரர் வீடு என்றால் தீமிதி அழைப்பிதழ் வருடாவருடம் பழைய வேர்ட் கோப்பிலிருந்துதான் எடுக்கப்படும். மிண்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்தால் கட்டங்கள் நகர்ந்து, உபயக்காரர் பெயர் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். (உபயக்காரர் சும்மா விடுவாரா?) யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் தமிழே கிறுக்கலாகத் தெரியும். ஆனால் இதற்கு மிண்டைக் குறை சொல்ல முடியாது. அந்த எழுத்துரு இல்லாத புது விண்டோஸிலும் இதே கதைதான். பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து வைத்திருந்தால் இரண்டிலும் பிழைக்கலாம்.

தட்டச்சு இன்னொரு விஷயம். மிண்டில் தமிழ்99 விசைப்பலகை உண்டு. 1985இல் நம் நாட்டு முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலேயே ஊறிய பெரியவர்களை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு விண்டோஸே இருக்கட்டும்.

முடிவெடுக்குமுன் மிண்டைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, அழைப்பிதழ் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்தபிறகு நிறுவிக்கொள்ளலாம்.